ஓடையைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை: நகரத்துப் பூங்காக்கள், ஓடைகள், ஈரநிலங்கள் வழியாக நிதானமாக நடக்க விரும்புவோருக்கு

நகரத்துக்குள்ளேயே அரை நாள் நடக்க வேண்டும், வண்டிச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். இதற்கெல்லாம் என்ன தயாரிப்பு, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்று நினைத்தேன். மூன்று முறை கிளம்பினேன், மூன்று முறையும் சொதப்பியது.

முதல் முறை ஒரு பூங்காவில் தொடங்கி, ஓடைக்கரையோடு 11 கிலோமீட்டர் நடந்து ஈரநிலத்தின் வாசலுக்குப் போனபோது மணி 4:20. கேட் திறந்துதான் இருந்தது, உள்ளே ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கடைசி நுழைவு நேரம் 4 மணி. இரண்டாம் முறை சீக்கிரமே போய்விட்டேன். முன் அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. மூன்றாம் முறை அனுமதி கையில் இருந்தது, ஆனால் முந்தின இரவு மழை. பாலத்துக்கு அடியில் போகும் பாதை முழங்கால் அளவுத் தண்ணீரில் கிடந்தது. வந்த வழியே இரண்டரைக் கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

நான்காம் முறை எல்லாம் கூடிவந்தது. காரணம் ஒன்றே ஒன்று: அதுவரை போட்ட திட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் ஊர் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பூங்காவைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள்

மேப்பில் 'பூங்கா' என்று தேடினால் பச்சைத் துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். அவற்றைக் கோடு போட்டு இணைத்தால் பாதி தூரம் பெரிய சாலையோரம்தான் நடப்பீர்கள். நீலக் கோட்டைப் பிடித்தால் கதை வேறு. ஓடையின் இரு கரையும் வெள்ளம் ஏறும் இடம் என்பதால் அங்கே வீடு கட்டுவது கடினம். அதனாலேயே பல நகரங்களில் அந்த நிலத்தைப் பூங்காவாகவும் விளையாட்டுத் திடலாகவும் விட்டு வைத்திருப்பார்கள். ஆக, தண்ணீரைத் தொடர்ந்தால் பூங்காக்கள் தாமாகவே வழியில் வரும்.

சாதாரண மேப் செயலிகளில் சிறு ஓடைகள் பெரும்பாலும் தெரியாது, நன்றாகப் பெரிதாக்கினால்தான் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இந்த வேலைக்கு மேல். ஓடை, கால்வாய், வடிகால் என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். ஓடை சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போகும் இடத்தில் கோட்டின் தோற்றமே மாறும். அந்த இடங்களில் உங்கள் பாதையும் கரையை விட்டுச் சாலைக்கு ஏறும் என்று எதிர்பாருங்கள். இந்த மேப்பையே ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகளில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட்வொர்க் இல்லாமலும் பார்க்கலாம்.

மேப்பில் ஓடையே இல்லையா? செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே மரங்கள் வளைந்து வளைந்து ஒரே வரிசையில் போனால் அதன் அடியில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) காட்டும் மேப் கிடைத்தால் இன்னும் நல்லது. கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் அம்பு முனை போல மடங்கும், அந்த முனை எப்போதும் மேட்டுப் பக்கத்தைக் காட்டும். தண்ணீர் அதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறது என்று அர்த்தம். பேருந்து நிறுத்தப் பெயர்களையும் பாருங்கள். பாலம், கரை, மதகு, வாய்க்கால் என்று முடிகிற பெயர்கள் சும்மா வந்திருக்காது.

கவனிக்க வேண்டிய பொறி: நீலக் கோடு இருந்தால் நடைபாதை இருக்கும் என்று பொருள் இல்லை. கரையின் ஒரு பக்கம் பாதை, மறுபக்கம் யாரோ ஒருவரின் காம்பவுண்டுச் சுவர் என்பது சர்வசாதாரணம். ஓடையின் குறுக்கே எத்தனை பாலங்கள் இருக்கின்றன என்று எண்ணி ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாலம்தான் கரை மாறும் இடம், நடுவில் முடியாமல் போனால் வெளியேறும் இடமும் அதுதான். நான் இப்போதெல்லாம் பாதையைக் 'கிலோமீட்டரில்' யோசிப்பதில்லை, பாலம் 1, பாலம் 2 என்றுதான் யோசிக்கிறேன்.

2. ஈரநிலத்தின் வாசலிலிருந்து தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தண்ணீர் போகும் திசையில் நடப்பது. வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் தொடங்கி, ஓடையோடு இறங்கி, கடைசியில் அகன்ற ஈரநிலத்தில் போய் முடிப்பது. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் இது மூன்று வகையில் கெடுக்கிறது. ஈரநிலத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அந்த நேரத்தில் பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும், நிழலும் இருக்காது. அடுத்து, இந்தப் பாதையில் நேரக் கட்டுப்பாடு உள்ள ஒரே இடம் அதுதான். அதைக் கடைசியில் வைத்தால் வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும், நிதானமான நடை என்பது போயே போச்சு. மூன்றாவது, ஈரநிலங்கள் பெரும்பாலும் நகர விளிம்பில் இருக்கும். களைத்துப்போன பிறகு பேருந்துக்கு நிற்க வேண்டிய இடம் அது இல்லை.

தலைகீழாகப் போடுங்கள். காலையில் தெம்பாக இருக்கும்போதே வண்டி பிடித்து ஈரநிலத்துக்குப் போய், திறக்கும் நேரத்தில் உள்ளே நுழையுங்கள். சூரியன் உதித்த முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் பறவைகள் அதிகம் நடமாடும். பார்த்து முடித்து, ஓடையை எதிர்த்து மேட்டை நோக்கி நடங்கள். நகரத்து ஓடைகளின் ஏற்றம் காலுக்குத் தெரியவே தெரியாது. போகப் போக நிழல், பெஞ்ச், கழிப்பறை, பேருந்து நிறுத்தம் எல்லாம் கூடிக்கொண்டே போகும். எந்தப் பாலத்தில் வேண்டுமானாலும் 'சரி, இன்றைக்குப் போதும்' என்று ஏறி வீட்டுக்குப் போகலாம்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள். கடலோர ஈரநிலம் என்றால் கடிகாரத்தோடு அலை அட்டவணையும் (கடல் நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல்) சேரும், அதை 6-ஆம் படியில் சொல்கிறேன். சில இடங்கள் காலை 10 மணிக்குத்தான் திறக்கும். ஹாங்காங் ஈரநிலப் பூங்கா அப்படித்தான்: 10 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடுவார்கள், டிக்கெட் 4 மணியோடு சரி, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த மாதிரி இடம் என்றால் பக்கத்துப் பூங்காவை அதிகாலையில் முடித்துவிட்டு 10 மணிக்கு உள்ளே போங்கள். சிங்கப்பூரின் சுங்கை புலோ போல 7 மணிக்கே திறந்து, கட்டணமும் வாங்காத இடம் உங்கள் ஊரில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, 'மூடும் நேரம்' வேறு 'கடைசி நுழைவு' வேறு. இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் நாளைக் குறிக்காதீர்கள்.

3. செயலி சொல்லும் நேரத்தை மூன்றால் பெருக்குங்கள்

மேப் செயலிகள் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. வேலைக்குப் போகிறவரின் வேகம் அது. நாரைக்கு முன்னால் நிற்பவரின் வேகம் அல்ல.

நான் பல நடைகளில் குறித்து வைத்த என் வேகம் இது: சாலையிலும் பூங்காவிலும் மணிக்கு 4 கிலோமீட்டர், ஓடைக்கரையில் 3, ஈரநிலத்துக்குள் 1. ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். ஈரநிலத்துக்குள் 2.5 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். ஓடைக்கரையில் 4.5 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி. கடைசி 2 கிலோமீட்டருக்கு அரை மணி. உட்கார, சாப்பிட, கழிப்பறைக்கு ஒரு மணி. மொத்தம் 9 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். செயலியைக் கேட்டால் இதே 9 கிலோமீட்டரை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கூசாமல் சொல்லும்.

முதல் தடவை 9 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் 5 போதும்.

4. ஆவணமும் அனுமதியும்: ஒரு நடைக்கு மூன்று முதலாளிகள்

எனக்கு இது புரியப் பல வாரங்கள் ஆயின. நாம் ஒரே பாதையாகப் பார்ப்பது காகிதத்தில் ஒன்றல்ல. பூங்கா ஒரு துறையின் கையில், ஓடையும் அதன் கரையும் நீர் அல்லது வடிகால் துறையின் கையில், ஈரநிலம் வனத்துறை, சுற்றுச்சூழல் துறை அல்லது ஏதாவது அறக்கட்டளையின் கையில் என்று பிரிந்து கிடக்கும். ஒருவரிடம் கேட்டு மற்றவரின் இடத்துக்கு விடை கிடைக்காது. பூங்கா அலுவலகத்தில் "ஈரநிலம் திறந்திருக்குமா?" என்று கேட்டேன். "திறந்துதான் இருக்கும், போங்க" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அது அவர்கள் இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று கண்டுபிடிப்பது. வாசல் பலகையின் படம் இணையத்தில் கிடைத்தால் அதன் கீழ் மூலையில் பெரும்பாலும் துறையின் பெயர் இருக்கும். பிறகு அவர்களையே போனில் பிடியுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வேகத்தை நான் நம்புவதில்லை. கேட்க வேண்டியவை:

- வார விடுமுறை எந்த நாள்? கடைசி நுழைவு எத்தனை மணிக்கு?
- முன் அனுமதியோ முன்பதிவோ வேண்டுமா? தனி ஆளுக்கும் வேண்டுமா, குழுவுக்கு மட்டுமா? எத்தனை பேர் சேர்ந்தால் குழு?
- ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியேற விடுவார்களா?
- கேமராவுக்குத் தனி அனுமதியோ கட்டணமோ உண்டா?
- எந்தப் பாதையாவது பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நமக்கு உயிர்நாடியே அதுதான். நம் நடை ஒரு வழி நடை, வந்த கேட்டுக்கே திரும்பு என்றால் திட்டமே மாறிவிடும். இரண்டாவது கேட் மேப்பில் இருக்கும், நேரில் பூட்டும் துருவுமாகத் தொங்கும். இதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

முன் அனுமதி தேவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் விண்ணப்பியுங்கள். பண்டிகை விடுமுறை நடுவில் வந்தால் இன்னும் முன்னால். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பொதுவாகக் கேட்பது பெயர், அடையாள அட்டை எண், வரும் நாள், வருவோர் எண்ணிக்கை, நோக்கம். நோக்கம் என்ற இடத்தில் 'நடைப்பயிற்சி, பறவை பார்த்தல்' என்று மட்டும் எழுதுங்கள். நான் ஆர்வக்கோளாறில் 'ஆய்வு' என்று எழுதிவிட்டு, எந்த நிறுவனம், கடிதம் எங்கே என்று அது ஒரு தனிக் கதையாக ஓடியது.

மற்ற பொறிகள்:

தேதி. 04/05 என்று எழுதினால் நான்காம் தேதியா ஐந்தாம் தேதியா என்பது படிவத்தைப் பொறுத்தது. மாதத்தை எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் உறுதிச்சீட்டு வந்ததும் தேதியைத்தான் முதலில் பாருங்கள்.

பெயர். அடையாள அட்டையில் இனிஷியல் முன்னால், விண்ணப்பத்தில் பின்னால் என்று இருந்தால் வாசலில் இழுபறி ஆகும். அட்டையில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். அட்டையின் அசலையும் கொண்டு போங்கள்.

நெட்வொர்க். ஈரநிலம் பரந்த வெளி, சிக்னல் ஆடி ஆடித்தான் வரும். அனுமதிச் சீட்டை மின்னஞ்சலில் தேடிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஒரு அச்சுப் பிரதியும் இருக்கட்டும். காகிதம் காட்டினால் காவலர் முகமே மலர்கிறது, ஏனோ.

கேமரா. கைப்பேசிக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நீள லென்ஸ், முக்காலி என்று போனால் சில இடங்களில் வணிகப் படப்பிடிப்பு என்று எண்ணித் தனி அனுமதி கேட்பார்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானப் போக்குவரத்து விதி ஒரு பக்கம், தலைக்கு மேலே அது வந்தால் பறவைக் கூட்டமே எழுந்து பறந்துவிடும் என்பது மறுபக்கம்.

ஓடைக்கரைக்கும் பூங்காவுக்கும் பெரும்பாலும் எந்தக் காகிதமும் வேண்டாம். ஆனால் நாய், சைக்கிள் இரண்டுக்கும் ஒவ்வொரு இடத்திலும் விதி வேறு. பூங்காவில் நாய்க்கு அனுமதி இருக்கும், ஈரநிலத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

5. செலவு

அதிகம் இல்லை. ஆனால் சில்லறை சில்லறையாக எதிர்பாராமல் வரும். நுழைவுக் கட்டணம், கேமரா கட்டணம், வீடியோவுக்கு அதற்கு மேல் ஒன்று, பைனாகுலரை வாடகைக்குக் கொடுத்தால் அதற்கு முன்பணம். முன்பணத்தைச் சில இடங்களில் ரொக்கமாகத்தான் வாங்குவார்கள். அதோடு, ஒரு வழி நடை என்பதால் பைனாகுலரை வாங்கிய வாசலிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெரிய செலவு போக்குவரத்துதான். சொந்த வண்டியில் போய் ஈரநில வாசலில் நிறுத்தினால், நடையை முடித்துவிட்டு வண்டியை எடுக்கத் திரும்பப் போக வேண்டும், நிறுத்தும் கட்டணமும் மணிக்கணக்கில் ஏறும். வண்டியை முடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, காலையில் அங்கிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ ஈரநிலத்துக்குப் போங்கள். அதிகாலையில் அந்தப் பக்கம் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனியாக இருக்கும்.

செலவே இல்லாமல் கிடைப்பவையும் உண்டு. பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினுடையது. உங்கள் பகுதிப் பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், நிறைய இடம் பிடிக்கும். அதே ஆய்வகத்தின் இபேர்ட் தளத்தில் பறவை பார்ப்பவர்கள் எங்கே, என்றைக்கு, எதைப் பார்த்தோம் என்று பட்டியல் போடுவார்கள். அதை நான் பறவைக்காக மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் ஈரநிலம் அதில் இருந்தால், கடைசியாக யார் என்றைக்குப் போனார்கள் என்று தெரியும். நேற்றுக் காலை யாரோ பட்டியல் போட்டிருந்தால், நேற்று கேட் திறந்திருந்தது என்று அர்த்தம். தொடர்ந்து பட்டியல் வரும் இடத்தில் திடீரென்று மூன்று வாரமாக ஒன்றுமே இல்லை என்றால் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. மழை, அலை, பருவம்

நகரத்து ஓடை காட்டு ஓடை மாதிரி நடந்துகொள்ளாது. மண் உறிஞ்ச வேண்டிய மழையைத் தாரும் காங்கிரீட்டும் அப்படியே வடிகாலில் தள்ளிவிடுகின்றன. அதனால் தண்ணீர் நிமிடக் கணக்கில் ஏறும். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம். மேட்டுப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழைதான் உங்கள் காலடிக்கு வரும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஒரு ஆளை நிலைதடுமாற வைத்துவிடும். சிங்கப்பூரின் பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் ஓடையை ஒட்டி எச்சரிக்கை விளக்கும் சைரனும் வைத்திருக்கிறார்கள். சியோலின் சோங்கேச்சோன் ஓடைக்கரைப் பாதையை பெருமழை என்றால் மூடிவிடுகிறார்கள். உங்கள் ஊரில் சைரன் இல்லை என்றால் சைரன் நீங்கள்தான்.

என் விதி இது: வானிலை அறிக்கையை ஓடை தொடங்கும் பகுதிக்குப் பார்ப்பேன், நடக்கும் பகுதிக்கு அல்ல. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் குப்பையும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அடுத்த பாலத்துக்குக் காத்திராமல் அங்கேயே மேட்டில் ஏறிவிடுங்கள். சாலைக்கு அடியில் போகும் குழாய்க்குள், எவ்வளவு வறண்டு கிடந்தாலும், ஒரு அடி கூட வைக்காதீர்கள். பெருமழைக்கு மறுநாள் நடை வேண்டாம். பாலத்தடிப் பாதைகளில் தண்ணீர் வடிந்தாலும் சேறு நிற்கும், வழுக்கும்.

கடலோர ஈரநிலம், கழிமுகம், அலையாத்திக் காடு என்றால் அலை அட்டவணை பார்க்காமல் போவது வீண். தண்ணீர் வற்றியிருக்கும்போது கரைப் பறவைகள் சேற்று வெளி முழுக்கச் சிதறி, வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். தண்ணீர் ஏறும்போது அவற்றுக்கு இடம் குறைந்து, கூட்டமாகக் கரைப் பக்கம் நெருங்கும். ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றிரண்டு மணி முன்னால் போய் உட்கார்ந்தால் பறவை உங்களைத் தேடி வரும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதாவது நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை நேரத்தை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும், தாழ்வான பாதைகள் சில மூழ்கவும் செய்யும்.

பருவம் என்று பார்த்தால், வெப்ப நாடுகளில் வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். அதற்காக மற்ற மாதங்களில் போகாமல் இருக்க வேண்டாம். வலசை இல்லாத மாதத்தில் கூட்டம் குறைவு, அனுமதியும் சீக்கிரம் கிடைக்கும்.

7. பையில் என்ன

தண்ணீர்: நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர், வெயில் ஊரில் இன்னும் கூட. முழுவதையும் சுமக்க வேண்டாம், குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று மேப்பில் குறித்துக்கொண்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஷூ: பிடிப்புள்ள ரப்பர் அடி. ஈரநிலங்களில் மரப்பலகை நடைபாதை இருக்கும், காலைப் பனியில் நனைந்து பாசி படிந்தால் கண்ணாடி மாதிரி. மழை பெய்யவே இல்லையே என்று நம்பி நான் விழுந்தது அப்படி ஒரு பலகையில்தான். புது ஷூவோடு வராதீர்கள். மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி.

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை. கொசு விரட்டி, சன்ஸ்கிரீன் இரண்டும் போடுவதாக இருந்தால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி. பைனாகுலர் வாங்கப் போகிறீர்கள் என்றால் 8×42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம்) என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது கடையில் கவர்ச்சியாக இருக்கும், நடந்து களைத்த கையில் படம் ஆடும். இருக்கிற பழைய பைனாகுலரே போதும் என்பதுதான் என் கருத்து.

பவர்பேங்க், சிறு கட்டுத்துணி, அடையாள அட்டை, சில்லறை, குப்பைக்கு ஒரு பை. குடை வேண்டாம், பறவைகள் மிரளும். தொப்பியும் மழைச்சட்டையும் போதும்.

8. நடக்கும்போது

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, வாசலில் உள்ள வரைபடப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுப்பது. இணையத்தில் உள்ளதைவிட அது புதியதாக இருக்கும். எதிரே உள்ள அறிவிப்புத் தாள்களையும் படியுங்கள். 'பாதை 3 மூடப்பட்டுள்ளது' என்பதெல்லாம் கையால் எழுதி அங்கேதான் ஒட்டியிருப்பார்கள்.

பறவை பார்க்கும் மறைவிடங்களில் உட்கார்ந்த பிறகு பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாதீர்கள். நீங்கள் வந்த சத்தத்தில் ஒளிந்தவை திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகும். இரண்டே நிமிடத்தில் 'இங்கே ஒண்ணும் இல்ல' என்று எழுந்து போகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரொட்டித் துண்டு போடாதீர்கள். பறவைக்கும் நல்லதில்லை, தண்ணீரும் கெடும்.

தண்ணீரில் கால் நனைக்கும் ஆசை வரும், நகரத்து ஓடையில் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் எலிக்காய்ச்சல் வரும், காலில் சிறு கீறல் இருந்தாலே போதும். குளத்தின் மேல் பச்சை பெயிண்ட் கொட்டினாற்போல் ஏடு மிதந்தால் குழந்தைகளையும் நாயையும் கிட்டவே விடாதீர்கள், நீலப்பச்சைப் பாசி சிலவற்றில் நஞ்சு உண்டு.

ஓடைக்கரையில் போகும்போது ஒவ்வொரு பாலத்திலும் நின்று மூன்று விஷயம் பாருங்கள்: மணி என்ன, பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு, கூட வருபவர் முகம் எப்படி இருக்கிறது. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்தப் பாலத்திலேயே ஏறிவிடுங்கள். ஆளில்லாத துண்டுகளில் தனியாகப் போவதாக இருந்தால், எந்தப் பாலத்தில் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று வீட்டில் ஒருவருக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

9. வீடு திரும்பிய பிறகு

ஷூ அடியில் ஒட்டிய சேற்றை அன்றைக்கே கழுவுங்கள். ஒரு குளத்தின் களை விதை இன்னொரு குளத்துக்குப் போவது இப்படித்தான். புல்வெளியில் நடந்திருந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ஓடைப் பக்கம் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு பத்து நிமிட வேலை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, நீங்கள் நேரில் பார்த்த பூட்டிய கேட்டையும், இல்லாமல் போன நடைபாதையையும், புதிதாக வந்த கழிப்பறையையும் திருத்திவிடுங்கள். திருத்தத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் போட்டாலும் போதும், யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள். என்னைத் திருப்பி அனுப்பிய அந்தத் துருப்பிடித்த கேட்டை நான் குறித்துவிட்டேன்.